முதலீட்டாளரின் கையெழுத்து எதற்குச் சாட்சி?

2025 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நண்பகல் 12 மணிக்கு, ஹ்யூமேன் நிறுவனம் தன் சர்வர்களை நிறுத்தியது. அத்துடன் ‘ஏஐ பின்’ என்ற கருவியின் வாழ்வு முடிந்தது. 699 டாலர் கொடுத்து வாங்கி, மாதம் 24 டாலர் சந்தாவும் கட்டிவந்தவர்களின் சட்டையில் குத்தியிருந்த அந்தச் சிறு சதுரத்தில் அதற்குப் பிறகு அழைப்பு வராது, குறுஞ்செய்தி போகாது, கேட்டதற்குப் பதில் கிடைக்காது. பேட்டரியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது போன்ற ஓரிரு விவரங்களை மட்டும் அது சொல்லும். இந்த முடிவை நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது பத்தே நாள் முன்பு. கடைசி 90 நாட்களுக்குள் கருவி அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கும் என்றது. முதல் நாளிலேயே நம்பி வாங்கியவர்களுக்கு எதுவும் இல்லை. அதே அறிவிப்பு நாளில் ஹ்யூமேனின் காப்புரிமைகளையும் மென்பொருளையும் பொறியாளர்கள் பலரையும் எச்பி நிறுவனம் 11.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. கருவியை அது எடுத்துக்கொள்ளவில்லை.

ஏஐ பின் தோற்றுவிட்டது என்பதில் இன்று விவாதம் இல்லை. ஆனால் சந்தைக்கு வருமுன்பே அதற்கு 23 கோடி டாலர் கிடைத்திருந்தது. பணம் கொடுத்தவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். டைகர் குளோபல், மைக்ரோசாஃப்ட், குவால்காமின் முதலீட்டுப் பிரிவு, எல்ஜி, வோல்வோ, ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன் என்று பட்டியல் நீள்கிறது. இத்தனை பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்பதே அந்தக் கருவிக்குக் கிடைத்த முதல் நற்சான்றாக ஊடகங்களில் ஓடியது. அந்தச் சான்றை எடைபோட்டுப் பார்ப்பதே இங்கே என் வேலை.

முதலில் கருவிக்கு நியாயம் செய்ய வேண்டும். அதை உருவாக்கிய இம்ரான் சவுத்ரியும் பெத்தனி பொன்ஜோர்னோவும் ஆப்பிளில் நீண்ட காலம் பணியாற்றிய தம்பதி. சவுத்ரி ஐபோனின் திரை இடைமுகத்தை வடிவமைத்த குழுவில் இருந்தவர். அவர்கள் கையிலெடுத்த பிரச்சினை உண்மையானது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கையைப் பற்றிய கவலை நம் எல்லோருக்கும் உண்டு. திரையே இல்லாத கணினி, மார்பில் ஒட்டிக்கொள்ளும் கேமராவும் மைக்கும், தேவைப்படும்போது உள்ளங்கையில் லேசர் ஒளியால் எழுத்து என்ற கற்பனையில் அழகு இருந்தது. பொறியியல் உழைப்பும் சாதாரணமானதல்ல. காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மாற்றக்கூடிய பேட்டரி, லேசர் ஒளிவீழ்த்தி, சொந்த செல்போன் இணைப்பு எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவுக்குள் அடக்குவது கடினமான காரியம். அதைச் செய்தவர்களின் திறமையை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2024 ஏப்ரலில் கருவி கைக்கு வந்தபோது எழுதப்பட்ட மதிப்புரைகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசின. பதில் வர வினாடிகள் நீண்டன. கருவி சூடேறி, ஓய்வு வேண்டும் என்று நின்றது. வெயிலில் உள்ளங்கை எழுத்து தெரியவில்லை. அலாரம் வைப்பது, டைமர் போடுவது போன்ற எளிய வேலைகள்கூடத் தொடக்கத்தில் இல்லை. அதற்கென்று தனித் தொலைபேசி எண் என்பதால், இருக்கிற எண்ணோடும் செய்திகளோடும் அது சேரவில்லை. தி வெர்ஜ் பத்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்தது. யூடியூபின் மிகப் பெரிய கருவி விமர்சகர்களில் ஒருவரான மார்கெஸ் பிரவுன்லீ, தான் இதுவரை மதிப்பிட்டவற்றிலேயே மோசமான பொருள் இது என்று தலைப்பிட்டார்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை அடுத்த பதிப்பில் சரிசெய்திருக்கலாம். சூட்டைக் குறைக்கலாம், டைமரைச் சேர்க்கலாம். சரிசெய்ய முடியாத குறை ஒன்று இருந்தது; நான் அதிக எடை கொடுப்பது அதற்குத்தான். இத்தகைய கருவிகளுக்குப் பதில் தரும் ஏஐ மொழி மாதிரிகள் தவறும்போதும் தயங்குவதில்லை. சரியான பதிலைச் சொல்லும் அதே உறுதியோடுதான் தவறான பதிலையும் சொல்கின்றன. திரையில் அந்தப் பதில் வந்தால் நாம் மறுபடி படிக்கலாம், பக்கத்தில் உள்ள சுட்டியைத் திறந்து ஒப்பிடலாம், பத்து முடிவுகளில் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கலாம். காதில் விழும் ஒற்றைக் குரலில் இவற்றில் எதுவும் முடியாது. தவறக்கூடிய ஒரு மூளையை எடுத்துக்கொண்டு, அதன் தவறைக் கண்டுபிடிக்க நம்மிடம் இருந்த ஒரே கருவியான கண்ணையும் பிடுங்கிக்கொண்டது அந்த வடிவமைப்பு. திரையை நீக்கியதைத்தான் தன் பெருமையாக நிறுவனம் சொன்னது. அந்தப் பெருமையே அதன் அடிப்படைக் கோளாறு.

இதற்கான ஆதாரத்தை நிறுவனமே தன் கையால் கொடுத்தது. 2023 நவம்பரில் வெளியிட்ட அறிமுகக் காணொளியில், அடுத்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க நல்ல இடம் எது என்று சவுத்ரி கேட்கிறார். ஆஸ்திரேலியாவையும் கிழக்குத் தீமோரையும் கருவி சொல்கிறது. 2024 ஏப்ரல் 8 கிரகணம் வட அமெரிக்காவின் மேல் கடந்தது. கருவி சொன்ன இடங்கள் அதற்கு முந்தைய ஆண்டின் கிரகணத்துக்குரியவை. அதே காணொளியில் ஒரு கைப்பிடி பாதாமில் 15 கிராம் புரதம் இருப்பதாகவும் சொல்கிறது. 15 கிராமுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பாதாம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய ஒரு பொருளை உலகுக்கு முதன்முதலாகக் காட்டும் படம் அது. எடுத்தவர்கள், தொகுத்தவர்கள், பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்கள் என எத்தனையோ பேரின் கண்ணைக் கடந்து அந்தப் பிழை வெளியே வந்தது. கேட்கும்போது சரியாகவே ஒலித்ததால் யாருக்கும் சரிபார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கருவியின் ஆபத்து என்ன என்று கேட்டால் அந்தக் காணொளியைத்தான் நான் காட்டுவேன்.

ராபிட் ஆர் ஒன் என்ற இன்னொரு கருவியின் கதை சற்று வேறு. ஜெஸ்ஸி லியு 2024 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இந்த ஆரஞ்சு நிறப் பெட்டியின் விலை 199 டாலர், சந்தா கிடையாது. கோஸ்லா வென்ச்சர்ஸ் உள்ளிட்டோர் 3 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். விலையளவில் இது ஹ்யூமேனைவிட நேர்மையானது. வாக்குறுதியளவில் இன்னும் துணிச்சலானது: நம் சார்பாகச் செயலிகளைத் தானே இயக்கும் ‘செயல் மாதிரி’ உள்ளே இருக்கிறது, டிக்கெட் எடுக்கும், உணவு வரவழைக்கும், பயணம் திட்டமிடும் என்றார்கள். கைக்கு வந்தபோது இயங்கியவை நான்கு சேவைகள்; ஸ்பாட்டிஃபை, ஊபர், டோர்டேஷ், மிட்ஜர்னி. அவையும் தடுமாறின. கருவிக்குள் இருந்த மென்பொருளை ஆண்ட்ராய்டு அத்தாரிட்டி இணையதளம் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஏற்றி ஓட்டிக் காட்டியது. தங்கள் வேலையெல்லாம் சர்வரில் நடக்கிறது, இது வெறும் செயலி அல்ல என்று நிறுவனம் மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், வேலை முழுதும் சர்வரில்தான் நடக்கிறதென்றால் தனியாக ஒரு பெட்டி எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது.

செயல் மாதிரி என்ற கருத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு பயணச்சீட்டு எடுப்பதில் தளத்தைத் திறப்பது, தேதி, இடம், இருக்கை, பெயர், பணம் என்று பத்துப் படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் செய்யும் மாதிரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. பத்துப் படிகளும் சரியாக முடிய வாய்ப்பு வெறும் 60 சதவீதம். பத்தில் நான்கு சீட்டுகள் தவறாகும் ஒரு முகவரிடம் யாரும் பணத்தைக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். மேடையில் ஒருமுறை வெற்றிகரமாக நடந்த செயல்விளக்கத்துக்கும் அன்றாடம் நம்பத்தக்க சேவைக்கும் உள்ள தூரம் அந்த 40 சதவீதத்தில் இருக்கிறது. இதை அறிய ஆய்வகம் வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். வணிகக் கணக்கும் இப்படித்தான்: சந்தா இல்லாத கருவியிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் செலவு நிறுவனத்தின் தலையில். வாடிக்கையாளர் அதிகம் பயன்படுத்தப் பயன்படுத்த, முதலாளிக்கு இழப்பு கூடும்.

எளிய பெருக்கலில் தெரிவது கோடிகளைக் கையாள்பவர்களுக்குத் தெரியாமல் போனதா? தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் அவர்கள் பணம் கொடுப்பதற்கு அவர்கள் தொழிலின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது.

ஒரு துணிகர முதலீட்டு நிதி பத்து நிறுவனங்களில் தலா 1 கோடி டாலர் போடுகிறது என்று கொள்வோம். ஒன்பது அடியோடு போய், பத்தாவது முப்பது மடங்கானால், போட்ட 10 கோடி 30 கோடியாகத் திரும்புகிறது. அந்த ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே தோற்கப்போவதில் பணம் போடுவதைவிட, ஜெயிக்கப்போவதில் போடாமல் விடுவதே இந்தத் தொழிலில் பெரிய பிழை. ஐபோனுக்கு அடுத்த கருவி என்று ஒருவர் வந்து நின்றால், அது பலிக்க இருபதில் ஒரு வாய்ப்புதான் என்று கணித்தாலும் முதலீட்டாளர் சம்மதிக்கலாம். அவர் கணக்கில் அது சரியான முடிவுகூட. மேலும் நிதியை நடத்துபவருக்கு வழக்கமாக ஆண்டுதோறும் மொத்தத் தொகையில் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், லாபம் வந்தால் அதில் 20 சதவீதம். நட்டத்தில் அவருக்குப் பங்கு மிகக் குறைவு. நட்டம் ஏற்பவர்கள் நிதிக்குப் பணம் கொடுத்த ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் போன்றோர்.

இதிலிருந்து என் முதல் முடிவு வருகிறது. முதலீட்டாளரின் சம்மதத்துக்கு, ‘இது பலித்தால் மிகப் பெரிதாகப் பலிக்கும்’ என்று மட்டுமே பொருள். கடையில் வாங்குபவருக்கு வேண்டியது, ‘இது வேலை செய்யும்’ என்ற உறுதி. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. முதலீட்டாளரிடம் இன்னும் ஒன்பது நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்கியவரிடம் ஒரு கருவிதான் இருக்கிறது.

இரண்டாவது முடிவு இன்னும் கடுமையானது: ஹ்யூமேனுக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் விலகி நின்று பார்த்தவர்களே அல்லர். குவால்காம் முதலீடு செய்தது. கருவி குவால்காம் சிப்பில் ஓடியது. ஆல்ட்மேன் பெரும் பங்குதாரர். பதில்களைத் தந்ததில் அவர் தலைமையேற்ற ஓப்பன்ஏஐயின் மாதிரிகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் இரண்டு நிறுவனங்களிலும் பணம் போட்டிருந்தது. இதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. தன் சரக்கை வாங்கப்போகும் கடைக்குக் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரி அந்தக் கடையின் தரத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது என்பதுதான் நான் சொல்வது. டைம் இதழ் 2023 அக்டோபரில், கருவி யார் கைக்கும் வருமுன், அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஏஐ பின்னைச் சேர்த்தது. இதழின் உரிமையாளர் மார்க் பெனியாஃப் ஹ்யூமேனின் முதலீட்டாளர். டைம் அந்தத் தொடர்பை அதே பக்கத்தில் குறிப்பிட்டது, மறைக்கவில்லை. ஆனால் பரிசு செய்தியாகப் பரவும்போது அந்தக் குறிப்பு கூடவே பயணிப்பதில்லை. முதலீடு, பரிசு, கட்டுரை என மூன்று தனித்தனிச் சாட்சிகள் போல் தோன்றியவை பல இடங்களில் ஒரே கையிலிருந்து வந்தவை.

பரிசோதனையின் தரமும் கேள்விக்குரியது. கூட்டாளிகள், முதலீட்டாளர்கள் முன் செயல்விளக்கம் காட்டுவதற்கு முன்பு, கருவி சூடாகாமல் நீடிக்க நிர்வாகிகள் அதைப் பனிக்கட்டிப் பொதியில் வைத்துக் குளிர வைத்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் 2024 ஜூனில் எழுதியது. கோடிக்கணக்கில் பணம் கொடுக்கும் ஒருவர் அந்தக் கருவியை ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துச்சென்று அணிந்து பார்த்திருந்தால், பிரவுன்லீ கண்டதையெல்லாம் அவரும் கண்டிருப்பார். இது புதிதும் அல்ல. 2017 ஏப்ரலில் ஜூசெரோ என்ற பழச்சாறு இயந்திரத்தின் பைகளைக் கையாலேயே பிழியலாம் என்று ப்ளூம்பெர்க் நிருபர்கள் காட்டினார்கள். சுமார் 12 கோடி டாலர் முதலீடு பெற்ற நிறுவனம் அது, செப்டம்பரில் மூடப்பட்டது. அந்த இயந்திரத்தின் தொடக்க விலையும் 699 டாலர். ஏழாண்டுகள் கழிந்தும், பையைக் கையால் பிழிந்து பார்க்கும் வழக்கம் முதலீட்டு உலகில் நிலைபெறவில்லை.

எதிர்வாதங்களைக் கேட்க வேண்டும். முதல் பதிப்பு எப்போதும் குறையுள்ளதுதான், 2007இன் ஐபோனில் செயலிக் கடை இல்லை, நகலெடுத்து ஒட்டும் வசதிகூட இல்லை என்பார்கள். உண்மை. ஆனால் அந்த ஐபோன் தான் சொன்ன மூன்றையும் வாங்கிய அன்றே செய்தது. பேசலாம், பாட்டுக் கேட்கலாம், இணையம் பார்க்கலாம். இல்லாதவை, அது வாக்களிக்காதவை. ஏஐ பின் தவறியது வாக்களித்த இடத்திலேயே.

கடுமையான மதிப்புரைகள் இளம் நிறுவனங்களைக் கொன்றுவிடுகின்றன என்பது இரண்டாவது வாதம். பிரவுன்லீயின் காணொளி வந்தபோது, இத்தனை லட்சம் பேர் பார்க்கும் ஒருவர் இப்படிச் சொல்வது அறமா என்று கேட்டவர்கள் உண்டு. இதை நான் முற்றாக மறுக்கிறேன். மதிப்புரை எழுதுபவரின் கடமை வாங்கப்போகும் மனிதருக்கானது. 23 கோடி டாலரோடு மேடையேறிய நிறுவனத்துக்குப் பேச விளம்பரம் இருக்கிறது, இதழ்கள் இருக்கின்றன, டெட் உரை மேடை இருக்கிறது. 699 டாலரை யோசித்துச் செலவிடும் ஒருவருக்காகப் பேச அந்த ஒரு விமர்சகர்தான் இருக்கிறார். எண்களும் அவரை மெய்ப்பித்தன: முதலாண்டில் 1 லட்சம் கருவிகள் என்பது இலக்கு, ஏப்ரல் தொடக்கம்வரை வந்த ஆர்டர்கள் சுமார் 10,000. மே முதல் ஆகஸ்ட்வரை விற்றதைவிடத் திரும்பி வந்தவை அதிகம் என்று உள் ஆவணங்களைக்கொண்டு தி வெர்ஜ் எழுதியது. வாங்கித் திருப்பியவர்கள் மதிப்புரையால் திருப்பவில்லை, அணிந்து பார்த்துத் திருப்பினார்கள். சார்ஜ் செய்யும் பெட்டியின் பேட்டரியால் தீ ஆபத்து என்று 10,000க்கு மேற்பட்டவற்றை அக்டோபரில் திரும்பப் பெற்றதும் எந்த விமர்சகர் செய்ததும் அல்ல.

மூன்றாவது வாதத்துக்கு வலு உண்டு. தோல்விக்கு அஞ்சாத பணம் இல்லாவிட்டால் புதியது எதுவும் பிறக்காது. இதை ஏற்கிறேன். ரே-பான் மெட்டா கண்ணாடியைப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து 20 லட்சம் விற்றதாகத் தயாரிப்பாளரான எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகா 2025 தொடக்கத்தில் அறிவித்தது. அதன் பின்னால் மெட்டா ஆண்டுதோறும் கொட்டும் பணம் மலைக்க வைக்கிறது. கண்ணாடியை உருவாக்கும் பிரிவின் 2024 நட்டம் மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல். அந்தக் கண்ணாடியைக்கொண்டு தெருவில் போகும் அந்நியரின் பெயரையும் முகவரியையும் கண்டுபிடிக்கலாம் என்று ஹார்வர்ட் மாணவர்கள் இருவர் காட்டியது எனக்குக் கவலை தருகிறது. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். ஆனால் கருவி என்ற அளவில் அது ஏன் நின்றது என்பது தெளிவு. ஏஐயை அணைத்துவிட்டாலும் அது வெயிலுக்குக் கண்ணாடி, படமெடுக்கும் கேமரா, பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கி. சட்டைப்பையில் இருக்கும் போனோடு சேர்ந்து இயங்குகிறது, அதைத் துரத்த முயலவில்லை. மாதிரி தவறினால் வாங்கியவருக்கு இழப்பு சிறிது.

ஆகவே துணிச்சலான பணத்தை நான் குறைசொல்லவில்லை. அந்தத் துணிச்சலின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதே என் வழக்கு. ஏஐ பின்னை ஆய்வகத்திலேயே வைத்து இன்னும் மூன்றாண்டு உழைத்திருந்தால், தோற்றிருந்தாலும் முதலீட்டாளரின் பணம்தான் போயிருக்கும். அது அவர்கள் தெரிந்தே ஏற்ற அபாயம். முடியாத சோதனையை முடிந்த பொருள் என்று விலையிட்டு விற்றபோது, அந்த அபாயத்தின் ஒரு பங்கு எந்த லாபத்திலும் உரிமையில்லாத வாடிக்கையாளரின் தலைக்கு மாற்றப்பட்டது. குற்றம் இங்கே. அதில் ஹ்யூமேனின் பங்கு ராபிட்டைவிடப் பெரிது: விலை அதிகம், சந்தா வேறு, முடிவில் கருவியையும் உயிரற்றதாக்கியது. ராபிட் வாய்ப்பேச்சில் மிகைப்படுத்தியது, ஆனால் 199 டாலரோடு நிறுத்திக்கொண்டது, கடையை மூடிவிட்டு ஓடாமல் மென்பொருளைத் திருத்திக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு தயாரிப்பாளர்களையும்விட முதலீட்டாளர்களின் பொறுப்பு கூடுதல் என்பது என் தீர்ப்பு. தயாரித்தவர்கள் தங்கள் கனவில் மூழ்கியிருந்தார்கள், அது மனித இயல்பு. கேள்வி கேட்கும் அதிகாரமும் நிறுத்தும் அதிகாரமும் பணம் கொடுத்தவர்களிடம் இருந்தன. நிறுவனத்தை மூடும் நாளில் வாடிக்கையாளருக்குத் திருப்பிக்கொடுக்க ஒரு தொகையை ஒதுக்கிவைக்கச் சொல்லும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருந்தது. முழு விலையில் கணக்கிட்டாலும் 10,000 கருவிகளுக்கு 70 லட்சம் டாலர். திரட்டிய பணத்தில் அது 3 சதவீதம்.

இந்த வழக்கு பழங்கதையாகவில்லை. 2025 மே மாதம் ஓப்பன்ஏஐ, ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவின் ‘ஐஓ’ நிறுவனத்தைச் சுமார் 650 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. வாங்கும் நாளில் விற்பனைக்கு ஒரு பொருளும் இல்லை. ஹ்யூமேன், ராபிட் கருவிகள் மோசமானவை என்று ஐவ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தத் தெளிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் 650 கோடி என்ற எண்ணும் இரண்டு பெரிய பெயர்களும் மறுபடி சான்றாகப் புழங்கத் தொடங்கிவிட்டன. அந்தக் கருவி வரும்போது எழுதப்போகிறவர்கள் மூன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்: மாதிரி தவறினால் அணிந்தவர் எப்படித் தெரிந்துகொள்வார், இணைப்பு அறுந்தால் கருவியில் என்ன மிஞ்சும், நிறுவனம் கைவிட்டால் வாங்கியவருக்கு என்ன திரும்பும். மூன்றாவதற்கு விடை விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்று முதல் நாளே எழுதுவேன்.